ஓர் ஏட்டில் நாற்பது கைகள்!

"வாயை மூடு! கையைக் கட்டு! சொன்னதைக் கேள்!" — நெடுங்காலம் நம் வகுப்பறைகளை ஆண்ட கட்டளை இது. ஆசிரியர் உரைப்பார், மாணவன் ஒப்பிப்பான். கடைசி வரிசையில் ஒடுங்கிக் கிடந்த உழைப்பாளி வீட்டுப் பிள்ளை, ஆண்டு முழுதும் வாய் திறவாமலே வெளியேறுவான்.

இன்று இணையம் ஒரு புதிய ஏட்டைத் தந்திருக்கிறது. ஒருவர் எழுதி நாற்பது பேர் படிக்கும் ஏடல்ல. நாற்பது பேரும் ஒரே நேரத்தில் எழுதும் ஏடு! ஒருவன் எழுதியதை இன்னொருத்தி திருத்துவாள். எழுதியவர் யார், மாற்றியவர் யார் என்பதும் அதிலேயே பதிந்து நிற்கும். கூச்சத்தால் கை தூக்காத பிள்ளையின் கருத்தும் திரையில் தெரியும்.

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இப்படிப் பலர் கூடி எழுதியதுதான். ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள், எழுதியவர்கள் தன்னார்வலர்கள். ஆதாரமின்றி எழுதினால், "சான்று தேவை" என்று அங்கே குறி போடுவார்கள். யார் சொன்னால் என்ன, சான்று எங்கே என்று மேடைதோறும் கேட்டது நம் இயக்கம். அந்தக் கேள்வியைப் பன்னிரண்டு வயதிலேயே பழக்கும் கருவியை நாம் வரவேற்காமல் வேறு யார் வரவேற்பார்?

அண்டை மாநிலமான கேரளம் 2009இலேயே 'ஸ்கூல் விக்கி' தொடங்கியது. 15,000க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு அதில் பக்கம் உண்டு. பள்ளியின் வரலாற்றை, ஊரின் கதையைத் தாய்மொழியில் அவர்களே எழுதுகிறார்கள். நமக்கோ, 1999இல் கலைஞர் ஆட்சி ஏற்பளித்த 'தமிழ் 99' விசைப்பலகை இருக்கிறது. விசை இருக்கிறது; விரல்களும் இருக்கின்றன. தயக்கம் ஏன்?

ஆனால், ஒன்றை மறக்க மாட்டோம். 2020இல் கொரோனா பள்ளிக் கதவை அடைத்தது. பாடம் கைப்பேசிக்குள் புகுந்தது. கைப்பேசி இருந்த வீட்டில் பாடம். இல்லாத வீட்டில் ஏக்கம்! 1953இல் வந்த குலக்கல்வித் திட்டம் பள்ளி நேரத்தில் பாதியைப் பறிக்கப் பார்த்தது. போராடினோம், 1954இல் அது ஒழிந்தது. கருவியில்லாக் கொடுமையோ முழு நாளையும் பறித்தது. ஆணை போட்டுத் தடுத்தாலும், வறுமை வந்து தடுத்தாலும், தடை தடைதான்!

ஆகவே கேட்கிறோம்: கணினி அறைகள் காட்சிக்காகப் பூட்டிக் கிடக்கக் கூடாது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி வேண்டும். வேலையைப் பிரித்துத் தந்து, எழுதியதைக் கேட்டுத் திருத்த ஆசிரியர் இல்லையேல், ஒருவன் எழுதுவான். மற்றவர் வேடிக்கை பார்ப்பர்.

தோழர்களே! தெருவுக்குத் தெரு படிப்பகம் கண்டவர்கள் நாம். அங்கே நாளேட்டின் பக்கத்தில் ஒரு கணினியையும் வையுங்கள். மாலையில் பிள்ளைகள் கூடட்டும். தம் ஊர் ஏரியைப் பற்றி, தந்தை உழைக்கும் ஆலையைப் பற்றிச் சேர்ந்து எழுதட்டும்.

ஏட்டைத் தொடாதே என்றனர் நம் பாட்டனிடம். ஏட்டைப் படி என்றோம் நம் பிள்ளையிடம். இனி, ஏட்டை எழுது என்போம்!