அம்மோனியா கேட்கும் கேள்வி

2023 டிசம்பர் 26 இரவு. எண்ணூர் பெரியகுப்பத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் எழுந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. ஆலை வாசலருகே காற்றில் கனமீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. வரம்பு 400.

அந்தக் குப்பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த ஒரு பி.எட். மாணவி பயிற்சிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அம்மோனியாவின் மூலக்கூறு நிறை 17, காற்றின் சராசரி 29. ஆகவே அது லேசானது, மேலே எழும் என்று கரும்பலகையில் எழுதுகிறார். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "மேலதானே மிஸ் போகணும்? கீழ பாயில படுத்திருந்த எங்க ஆயாவுக்கு ஏன் மூச்சு முட்டுச்சு?"

பாடக்குறிப்பேட்டில் இதற்குப் பதில் இல்லை. "சிலபஸ்ல இல்ல, உட்காரு" என்று அடக்கிவிடலாம். "எனக்கும் தெரியலப்பா, நாளைக்குப் பாத்துட்டு வரேன்" என்றும் சொல்லலாம். இரண்டாவதைச் சொல்பவர் இரவு உட்கார்ந்து தேடுவார். தேடினால் கிடைக்கும்: அம்மோனியா தண்ணீரை விடாமல் பற்றும் வாயு; குளிர்ந்த ஈரக்காற்றில் மூட்டமாகத் தாழ்ந்து தவழக்கூடும்; எழுவதற்குள் காற்று அதைப் பக்கவாட்டில் ஊருக்குள் தள்ளிவிடவும் கூடும். மறுநாள் நவச்சாரத்தையும் சுண்ணாம்பையும் சிட்டிகையளவு சோதனைக்குழாயில் சூடாக்கி, மஞ்சள்தூள் தேய்த்த ஈரத்தாளைக் காட்டினால் அது சிவக்கும். ஈரத்துணியால் மூக்கை மூடச் சொல்வது ஏன் என்பதும் அப்போது பிள்ளைகளுக்கு விளங்கும்.

தடுமாற்றத்தில்தான் சிந்தனை தொடங்குகிறது என்று கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி 1910-லேயே விளக்கினார். 2015-16 முதல் இரண்டாண்டுப் படிப்பான பி.எட்.டில் 20 வாரப் பள்ளி அனுபவம் உண்டு. வகுப்பைத் திரும்பிப் பார்த்து எழுதும் நாட்குறிப்பும் உண்டு. ஆனால் பல இடங்களில் அது இன்னொரு ரெக்கார்டு நோட்டாகிவிட்டது. 'பாடம் சிறப்பாக அமைந்தது, மாணவர்கள் ஆர்வமாகக் கவனித்தனர்' என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். திணறிய பீரியடை எழுதினால் மதிப்பெண் போய்விடுமோ என்ற பயம்.

இந்தப் பயம் நியாயமானது; மாற வேண்டியது மதிப்பெண் முறைதான். திணறலை எழுதி, அதன் பின்னால் போன பக்கத்துக்கே கூடுதல் மதிப்பெண் தர வேண்டும். வழிகாட்டி ஆசிரியர் வாரம் அரை மணி நேரம் அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு பயிற்சி ஆசிரியரோடு பேச வேண்டும். நடக்காத காரியமல்ல. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் 1972-ல் 16 பள்ளிகளில் தொடங்கி 2002 வரை நடந்த அறிவியல் கல்வித் திட்டத்தில், ஆசிரியர்கள் முதலில் தாங்களே சோதனை செய்து பார்த்தார்கள்; மாதாந்தரக் கூட்டங்களில் வகுப்பில் எழுந்த சிக்கல்களைப் பகிர்ந்தார்கள்.

எண்ணூரில் சிக்கலுக்கா பஞ்சம்? கசிவு நடந்த அதே டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து முகத்துவாரத்தில் படிந்தது. தண்ணீரில் மிதக்கும் எண்ணெய் அலையாத்தி வேரை விட்டு ஏன் போக மறுக்கிறது? வலையைச் சோப்பு போட்டு அலசினால் அந்த எண்ணெய் எங்கே போகும்? வீட்டில் அந்த வலையைத் தொட்ட கையோடுதான் இங்குள்ள பிள்ளைகள் அறிவியல் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்.