றங்குப்பெட்டியும் தும்மலும்



கடந்த மாரியில் தெல்லிப்பழையில் ஒரு வீட்டிற்குப் போயிருந்தேன். மகள் வேலைக்குப் போயிருந்தாள். அம்மாவும் ஏழு வயதுப் பேரனும் இருந்தார்கள். "பிள்ளை, இவன் இரவிரவா இருமுறான். விடிய எழும்பினா தும்மல். நான் வீட்டைக் கூட்டாத நாளில்லை. என்ன குறை விட்டன்?" என்று அம்மா கண்கலங்கினார்.

அவரிடம் குறை எதுவுமில்லை. ஒவ்வாமை என்பது அழுக்குக்குக் கிடைக்கும் தண்டனை அல்ல. பெரும்பாலானோருக்குத் தீங்கு செய்யாத ஒரு பொருளைச் சிலரின் உடல் எதிரியாக நினைத்து எதிர்க்கிறது. தும்மல், மூக்கொழுகல், கண்கடி, முட்டு எல்லாம் அதன் விளைவே.

வீட்டுக்குள் இதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று தூசி உண்ணி. கண்ணுக்குத் தெரியாத இந்தச் சிறு உயிரி, எமது உடம்பிலிருந்து உதிரும் தோலைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் பெருகும். அது கடிப்பதில்லை. அதன் எச்சமே தும்மலைத் தருகிறது. மற்றொன்று பூஞ்சணம். 1990 இல் வலிகாமம் வடக்கில் நாம் விட்டுப்போன வீடுகள் பல, கூரையின்றி இருபது வருடங்களாக மழையில் நனைந்தவை. அந்தப் பழைய சுவர்களைத் திருத்திக் குடியிருக்கும்போது, மாரியில் ஈரம் ஊறிக் கறுப்புப் படர்கிறது. கரப்பொத்தானின் எச்சமும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

புகை, இருக்கும் வருத்தத்தைக் கூட்டும். ஒரு நுளம்புத்திரி எரிந்து முடியும்போது வரும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் அளவுக்குச் சமம் என 2003 இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. நுளம்பு வலையே பிள்ளைக்கு நல்லது. வேப்பிலைப் புகையும் சாம்பிராணியும்கூடப் புகைதான்.

செலவில்லாமல் செய்யக்கூடியவை பல உண்டு. படுக்கை விரிப்பு, தலையணை உறைகளைக் கிழமைக்கு ஒருமுறை நல்ல சுடுநீரில் தோயுங்கள். மெத்தை, தலையணைகளை வெயிலில் நன்றாகக் காயவிட்டுத் தட்டுங்கள். தும்புத்தடியால் கூட்டினால் தூசி எழும்பும். அதற்குப் பிறகு ஈரத்துணியால் துடையுங்கள். அந்த நேரம் பிள்ளை வெளியில் நிற்கட்டும். பூஞ்சணத்தை மூக்கில் துணி கட்டிக்கொண்டு சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்துக் காயவிடுங்கள். ஒழுக்கை அடைக்காவிட்டால் அது திரும்பவும் வரும். சமைக்கும்போது குசினி யன்னலைத் திறந்து வையுங்கள்.

இவற்றைச் சொல்லி முடித்தபோது, பேரன் படுக்கும் கட்டிலின் கீழ் ஒரு றங்குப்பெட்டியைக் கண்டேன். 2009 இல் காணாமற்போன மகனின் உடுப்புகள். ஒவ்வொரு இரவும் திறந்து பார்ப்பாராம். தோய்த்தால் மணம் போய்விடும் என்று தோய்ப்பதில்லை. திறந்ததும் பூஞ்சண வாடை அடித்தது.

எறியச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படிச் சொல்லவும் கூடாது. இருவரும் இருந்து கதைத்தோம். ஒரு சேட்டை மட்டும் தோய்க்காமல் பொலித்தீன் பையில் போட்டு இறுகக் கட்டினோம். மற்றவற்றை அம்மாவே தோய்த்து வெயிலில் போட்டார். பெட்டியைத் துடைத்துக் காயவைத்து மற்ற அறைக்கு மாற்றினோம்.

பேரனை வைத்தியசாலைக்கும் கூட்டிப்போகச் சொன்னேன். முட்டுக்கு வைத்தியர் தரும் பம் பழக்கமாகிவிடும் என்று பயந்து நிறுத்தாதீர்கள், அது பழக்கமாவதில்லை. மூச்செடுக்கும்போது பிள்ளையின் விலா உள்ளே இழுத்தால், கதைக்க முடியாமல் திணறினால், உதடு நீலமானால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்கோ கொண்டுசெல்லுங்கள். அங்கு வைத்தியம் இலவசம்.

பிறகு ஒருநாள் போனபோது, இருமல் முற்றாக நிற்கவில்லை என்றார் அம்மா. ஆனால் பேரன் இரவில் நித்திரை கொள்கிறானாம். கொடியில் அந்த உடுப்புகள் மறுபடியும் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. "அவனும் வெயில் காயட்டும்" என்றார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் அப்படியொரு பெட்டி இருக்கலாம். அதை எறிய வேண்டாம். வெயில் காட்டுங்கள்.