சுவரைப் படிக்காமல் உளியை எடுக்காதீர்கள்

"சமையலறையை நாமே மாற்றிக்கொள்ளலாம், கொத்தனார் கூலி மிச்சம்" என்று புதிதாக வீடு வாங்கிய பிள்ளைகள் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. நானும் அப்படிச் சொன்னவன்தான்.

பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். வீட்டு வேலையைத் தானே செய்வதற்குப் பிரெஞ்சில் 'பிரிக்கோலாழ்' என்று பெயர். அந்த ஆசையில், ஓய்வு பெற்றதும் புதுச்சேரியில் வாங்கிய பழைய வீட்டின் சமையலறைச் சுவரை நானே கொத்தி, சிமெண்ட் பூசி, டைல்ஸ் ஒட்டினேன். ஐப்பசி மழைக்குச் சுவர் உப்பி, டைல்ஸ் கழன்றது. ஒன்று, அடுப்படியில் நின்ற என் மனைவியின் காலில் விழுந்தது.

வயதான கொத்தனார் ஒருவர் வந்து தட்டிப் பார்த்தார். "ஐயா, இது சுண்ணாம்புச் சுவரு. ஈரத்தைக் குடிச்சு வெளியே விடும். நீங்க சிமெண்ட் பூசி அது மூச்சை அடைச்சிட்டீங்க" என்றார். அத்தனையும் சுரண்டிவிட்டு மறுபடி சுண்ணாம்புச் சாந்து பூசினார். மிச்சம் பிடித்த கூலி இரண்டு மடங்காகப் போயிற்று.

கோப்பைப் படிக்காமல் ஒரு நாளும் குறிப்பு எழுதாத குமாஸ்தா, சுவரைப் படிக்காமல் உளியை எடுத்தேன்!

பெயிண்ட் அடியுங்கள், குழாய்க்கு வாஷர் மாற்றுங்கள், அலமாரிக்குக் கீல் போடுங்கள். சுவர், கரண்ட், கேஸ் மூன்றுக்கும் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையிலேயே தங்கும். வீடியோவில் காட்டுவது யார் வீட்டுச் சுவரோ. உங்கள் சுவரைத் தட்டிப் பார்த்துச் சொல்பவருக்குக் கொடுக்கும் கூலி ஒருபோதும் வீண் அல்ல.