தண்டுவடக் காயத்துக்கு ஸ்டெம் செல் ஊசியா? காசைக் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

தண்டுவடம் அடிபட்டு கால் வராமப் போனவங்ககிட்ட "ஸ்டெம் செல் ஊசி போட்டா நடந்துடலாம்"னு சொல்லி லட்சக்கணக்குல வாங்குறதுக்குப் பேரு சிகிச்சை இல்லை, வியாபாரம். கொஞ்சம் நீளமான த்ரெட். வீட்ல அப்படி யாராவது இருந்தா முழுசா படிங்க.

ஐசிஎம்ஆரோட 2017 வழிகாட்டு நெறிமுறைப்படி, ஸ்டெம் செல் நம்ம நாட்டுல ஏற்கப்பட்ட சிகிச்சையா இருக்கிறது ரத்தம் சார்ந்த நோய்களுக்குச் செய்யுற எலும்பு மஜ்ஜை மாற்று மாதிரியானதுக்குத்தான். தண்டுவடக் காயத்துக்கு இது இன்னும் ஆராய்ச்சி. ஆராய்ச்சின்னா நோயாளிகிட்ட காசு வாங்கக் கூடாது. இவங்க என்னடான்னா "3 டோஸ் பேக்கேஜ்" விக்கிறாங்க!

"ஜப்பான்ல ஒருத்தர் எழுந்து நின்னாராமே டாக்டர்?"

ஆமா, நின்னார். கெய்யோ பல்கலைக்கழகத்துல ஐபிஎஸ் செல்லுல இருந்து நரம்பு முன்னோடி செல்களை உருவாக்கி, அடிபட்ட சில வாரத்துக்குள்ள 4 பேருக்கு, ஆளுக்கு 20 லட்சம் செல் வச்சாங்க. 2025 மார்ச்ல முடிவைச் சொன்னாங்க. ஒருத்தர் பிடிமானம் இல்லாம நின்னார். இன்னொருத்தருக்கு கை கால் ஓரளவு அசைஞ்சது. மீதி 2 பேருக்குப் பெருசா மாற்றம் இல்லை. பாதுகாப்பானதான்னு பார்க்கிற முதல் கட்டம் அது. செல் வைக்காத ஒரு குழுவோட ஒப்பிடவும் இல்லை.

அந்த ஒப்பீடு ஏன் முக்கியம்? தண்டுவடம் முழுசா அறுபடாதவங்களுக்கு முதல் சில மாசத்துல தானாவே கொஞ்சம் அசைவு திரும்பும். 3வது மாசம் ஊசி போட்டு 5வது மாசம் கட்டை விரல் ஆடினா, வீடியோ எடுத்து யூடியூப்ல போட்டுக்கலாம். விரல் ஆடினது ஊசியாலதான்னு யார் நிரூபிச்சா? அமெரிக்காவுல ஒரு கம்பெனி நரம்பு ஸ்டெம் செல்லையே வச்சு முறைப்படி டிரையல் நடத்துச்சு. பலன் போதலைன்னு 2016ல நிறுத்திட்டாங்க. இங்க விக்கிறதோ பெரும்பாலும் இடுப்பெலும்புல, கொழுப்புல எடுத்த செல். ஜப்பான் செய்தியைக் காட்டி வேற சரக்கைத் தள்ளுறாங்க.

"போட்டுத்தான் பார்ப்போமே, என்ன நஷ்டம்?"

வேற ஒரு நரம்பு நோய்க்காக மாஸ்கோவுல கருவோட நரம்பு ஸ்டெம் செல்லை ஏத்திக்கிட்ட ஒரு பையனுக்கு, சில வருஷத்துல மூளையிலயும் தண்டுவடத்துலயும் கட்டி. அந்தக் கட்டி வந்தது தானம் கொடுத்த செல்லுல இருந்துன்னு 2009ல நிரூபிச்சாங்க. போர்ச்சுகல்ல மூக்கு உட்சவ்வுத் திசுவைத் தண்டுவடத்துல வச்சுக்கிட்ட ஒரு பொண்ணுக்கு, 8 வருஷம் கழிச்சு அங்கேயே சளி மாதிரி சுரக்கிற கட்டி வளர்ந்திருந்தது.

இதைவிட எனக்கு வயிறு எரியறது வேற விஷயம். பனைமரத்துல இருந்து விழுந்தவர், பைக் ஆக்சிடென்ட்னு வர்ற பசங்க. நிலத்தை வித்து ஊசி போட்டுட்டு, தண்ணி மெத்தை வாங்கக் காசில்லாம எலும்பு தெரியுற படுக்கைப் புண்ணோட வார்டுக்கு வர்றாங்க. இவங்க உயிரை எடுக்கிறது அந்தப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான். 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கணும். 4-6 மணிக்கு ஒரு தடவை சுத்தமா டியூப் விட்டு சிறுநீரை எடுக்கணும். இதை அந்த சென்டர்ல ஒருத்தராவது சொல்லிக் கொடுத்தாங்களா?

1954ல விபத்துல இடுப்புக்குக் கீழ செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், வீல்சேர்ல உட்கார்ந்தே ஆபரேஷன் பண்ணாங்க. 1966ல வேலூர் சிஎம்சி மறுவாழ்வு மையம் உருவானதும் அவங்களாலதான். அந்த மாதிரி மையத்துல போய்ச் சேருங்க, காசை அங்க செலவு பண்ணுங்க.

யாராவது "இது டிரையல்தான் சார்"னு சொன்னா, சிடிஆர்ஐ பதிவு எண் கேளுங்க. வெப்சைட்ல யார் வேணும்னாலும் இலவசமா தேடிப் பார்க்கலாம். எண் கொடுத்துட்டு பில்லும் கொடுத்தா, அந்த பில்லை பத்திரமா வச்சுக்கோங்க, புகார் கொடுக்கும்போது தேவைப்படும்.