தெருவுக்கொரு சங்கம்



தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் பாலாற்று நீர் கெட்டபோது, வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் சென்றது. 1991-இல் தொடுத்த வழக்கில் 28.8.1996 அன்று தீர்ப்பு வந்தது: மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்து, சூழலையும் சீர்செய்ய வேண்டும்.

ஆலையும் நம்மவருடையது, கெட்ட கிணறும் நம்மவருடையதே. பிணக்கு முற்றுமுன் கூடிப் பேச ஓரிடம் வேண்டாமா? தெரு நலச் சங்கமே அவ்விடம்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி 7 பேர் சேர்ந்து துணைவிதிகள் வகுத்து, மாவட்டப் பதிவாளரிடம் பதியலாம். நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் 3 ஆண்டுகளுக்கு மேற்படலாகாது. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட வேண்டும். வரவு செலவுக் கணக்கை அதன்முன் வைக்க வேண்டும்.

பதிவது எளிது, நடத்துவதே அரிது. கணக்கை மறைக்கும் சங்கத்தின் சொல் தெருவிலேயே எடுபடாது. அதிகாரியிடம் எங்ஙனம் எடுபடும்? முஃமின்களின் காரியங்கள் கலந்தாலோசனையால் நடப்பவை எனத் திருமறையின் 42ஆம் அத்தியாயமான அஷ்ஷூரா போதிக்கிறது. தண்ணீருக்காகக் குடம் சுமப்போர் பெண்கள். மஷூராவில் அவர்கள் சொல்லும் இடம்பெறட்டும்.

அண்டை வீட்டாரின் உரிமை பேணி வாழ அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.