மூன்றரை விநாடி மௌனம்!

கரி மூட்டை ஏற்றிய லாரி திருச்சுழிச் சீமையிலிருந்து புறப்படுகிறது, தோழர்களே! ஓட்டுநர் கையிலே ஒரு சீட்டு. "இத்தனை மூட்டை" என்று அதிலே எழுதியிருக்கிறது. இறக்குமிடத்திலே எண்ணுகிறார்கள். குறைந்தால் ஏற்றியவருக்கும் தெரியும், இறக்கியவருக்கும் தெரியும். சீட்டில்லாத லாரியை எந்தக் கரி வியாபாரி நம்புவார்?

இதே நியாயத்தைத்தான் தொலைத்தொடர்பு வல்லுநர்கள் ஏ.டி.எம். என்ற முறையிலே வைத்தார்கள். பணம் தரும் பெட்டியல்ல நாம் சொல்வது! பேச்சு, படம், கணக்கு எல்லாவற்றையும் 53 பைட் கொண்ட சிறு பொட்டலங்களாக்கி அனுப்பும் முறை. 48 சரக்கு, 5 முகவரி. சரக்கின் நடுவே காவல் பொட்டலமும் செல்லும். "இத்தனை அனுப்பினேன்" என்று அது சொல்லும். எத்தனை வழியிலே தொலைந்தன என்று எதிர்முனை எண்ணிக் கண்டுகொள்ளும்.

சரக்கு இல்லாத வேளையிலும் விநாடிக்கு ஒரு முறை "இருக்கிறேன்" என்று காவல் பொட்டலம் குரல் கொடுக்கும். மூன்றரை விநாடி குரல் வரவில்லையா? பழுது என்று அறிவிப்பு! பழுதுக்கு அப்பாலுள்ள முனைக்கும் செய்தி போகும். அனுப்பிய முனைக்கும் செய்தி திரும்பும். இன்று ஏ.டி.எம். முறையின் இடத்தைப் பெரும்பாலும் புதிய முறைகள் பிடித்துவிட்டன. இந்தக் காவல் நெறி அவற்றிலும் தொடர்கிறது.

இயந்திரத்துக்கு மூன்றரை விநாடி மௌனமே ஆபத்து. வானம் பார்த்த நமது சீமையிலே? சீமைக் கருவேலங் காட்டின் நடுவே நிற்கும் கோபுரம் கண்ணை மூடுகிறது. ரேஷன் கடையிலே கைரேகைக் கருவி விழிக்கிறது. வரிசையிலே நமது ஆத்தா நிற்கிறாள். அருப்புக்கோட்டைத் தறிக்காரர் கூலி வந்து சேர்ந்ததா என்று கைபேசியைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார். நூறு நாள் வேலையின் வருகைப் பதிவைக் கைபேசிச் செயலியில் ஏற்றவேண்டும் என்று 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கினார்களே, அப்போது கோபுரத்தின் நலத்தைக் கேட்டவர் யார்?

நிறுவனத்துக்குத் தெரியாதா? தெரியும்! மாதத்திலே 24 மணி நேரத்துக்கு மேல் ஓய்ந்த கோபுரங்கள் நூற்றுக்கு இரண்டைத் தாண்டலாகாது என்றது 2009ஆம் ஆண்டு விதி. அந்த இரண்டும் நமது சீமையிலேயே நின்றால், விதியின் கண்ணுக்கு அது குற்றமல்ல! 2024 ஆகஸ்டில் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் இன்னொரு விதி செய்தது. மாவட்ட அளவிலே 24 மணி நேரத்துக்கு மேல் சேவை அற்றுப்போனால், மாதக் கட்டணத்தில் கழிவு. முன்பணம் கட்டியவருக்கு நாள் நீட்டிப்பு. நல்ல விதி, வரவேற்கிறோம். ஆனால் மாவட்டமே மயங்கி விழுந்தால்தான் மருந்தா? ஒரு கிராமத்தின் ஒற்றைக் கோபுரம் ஓய்ந்தால், மாவட்டக் கணக்கிலே அது கடலில் கரைத்த பெருங்காயம்!

நாம் கேட்பது சலுகையல்ல, சீட்டு! எந்தக் கோபுரம், எந்த நாள், எத்தனை மணி நேரம் ஓய்ந்தது என்று ஊராட்சி அலுவலகச் சுவரிலே, தமிழிலே, மாதந்தோறும் ஒட்டுங்கள். இயந்திரம் இரு முனைக்கும் சொல்கிறது. மனிதர் மட்டும் ஒரு முனையோடு நிறுத்திக்கொள்வது முறையா?

கிளைத் தோழர்களே! கோபுரம் ஓய்ந்த நாளையும் நேரத்தையும் இன்று முதல் குறித்து வையுங்கள். அவர்கள் சீட்டு வரும்போது ஒத்துப்பார்க்க, நமது சீட்டும் கையிலே இருக்கட்டும்!