முருகனுக்கே இரண்டாம்!

1921இல் சென்னையில் விட்டேக்கர் என்பவர் "வள்ளி திருமணம்" என்று ஓர் ஊமைப்படம் எடுத்தார். அந்தச் சுருள் இன்று இல்லை. ஆனால் கதை சாகவில்லை. 1933இல் சாமிக்கண்ணு வின்சென்ட் டி.பி.ராஜலட்சுமியை வைத்து அதையே பேசும்படமாக்கினார். சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகமோ இன்றும் மதுரைப் பக்கத்துக் கிராமத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கின்றது.

கதையின் யோக்கியதை என்ன? திருமாலுக்கு அமுதவல்லி, சுந்தரவல்லி என்று இரண்டு பெண்களாம். கூடப்பிறந்த இருவரும் ஒரே ஆண்பிள்ளையை விரும்பித் தவங்கிடந்தார்களாம். அவர் ஒருத்தியையும் வேண்டாமென்று சொல்லாமல், இருவரையும் மறுபடி பிறந்துவரச் சொன்னாராம். அக்காள் இந்திரன் வீட்டுத் தெய்வயானை; தங்கை வேடர் குடிசை வள்ளி. அக்காளுக்குத் திருப்பரங்குன்றத்தில் ஊரறியக் கல்யாணம். பங்குனிதோறும் மீனாட்சியும் சொக்கரும் மதுரையிலிருந்து அதற்குப் போகின்றார்கள். தங்கைக்கோ தினைப்புனத்தில் கிழவேஷம், அண்ணனை யானையாக வரவழைத்துப் பயமுறுத்தல்! இதே காரியத்தை ஆரப்பாளையத்தில் ஒரு வாலிபன் செய்தால் போலீஸ் ஸ்டேஷனில் வைத்து விசாரிப்பார்களா, கோயில் கட்டிக் கும்பிடுவார்களா என்று கேட்கின்றோம்.

இதற்குமேல் "ஏசல்" என்று ஒன்று. அக்காள் தங்கையைக் குறத்தியென்று ஜாதி சொல்லித் திட்டுவாள். தங்கை அக்காளின் தகப்பன் இந்திரனுடைய யோக்கியதையை எடுத்துவைப்பாள். (இந்த ஒரு விஷயத்தில் வள்ளி நம் கட்சிதான்.) சண்டைக்குக் காரணமானவர் நடுவில் நிற்பார். சிலையிலும் அப்படியே.

இது கோயிலோடு நின்றிருந்தால் நமக்கு இவ்வளவு மெனக்கெடத் தேவையில்லை. மூத்தாளுக்குப் பிள்ளையில்லையென்றால் அவள் தங்கையையே இரண்டாந்தாரமாகக் கட்டிவைக்கும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் அடியோடு ஒழியவில்லை. குறை ஆண்பிள்ளையிடம் இருக்குமோவென்று டாக்டரிடம் காட்டுவதில்லை. "சொத்து வெளியே போகாது, முருகனுக்கே இரண்டு" என்று பெரியவர்கள் பேசி முடித்துவிடுகின்றார்கள். பெண்ணுக்குச் சொத்துரிமையும் விவாகரத்துரிமையும் வேண்டுமென்று 1929இல் செங்கற்பட்டு சுயமரியாதை மகாநாடு தீர்மானித்தது. 1949இல் சென்னை மாகாணச் சட்டமும் 1955இல் இந்து விவாகச் சட்டமும் இருதார மணத்தைத் தடுத்தன. ஆகவே, இப்படிக் கட்டிவைக்கப்பட்ட தங்கை கோர்ட்டில் மனைவியே அல்ல. புருஷன் செத்தால் மனைவி என்கிற பாத்தியத்தில் ஒரு காசு கிடையாது. அக்காளுக்கோ வீட்டில் மதிப்பில்லை. இருவரும் குழாயடியில் ஏசிக்கொள்ள, அவன் திண்ணையில் வெற்றிலை மெல்லுகின்றான்!

வள்ளி இச்சாசக்தி, தெய்வயானை கிரியாசக்தி, இது தத்துவம் என்பார்கள் பக்த சிகாமணிகள். சக்திக்குத் தாலி எதற்கு? ஒரு பெண் அண்ணன் தம்பி இருவரைக் கட்டிக்கொண்டால் அதையும் இச்சை, கிரியை என்று ஒப்புக்கொள்வார்களா? திரௌபதையைக் காட்டவேண்டாம், அவள் ஐவரைக் கேட்கவில்லை, பங்கிடப்பட்டாள். சமாதானம் எழுதக்கூடியவர்கள் எழுதட்டும். வரி விடாமல் பிரசுரிப்போம்.